கோபுரத்தின் எதிர்ப்பக்கம்

வேங்கிக்காலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

திருவண்ணாமலைக்கு வருகிறவருக்கு வழி சொல்ல ஆளில்லை என்று யாரும் குறைப்பட முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டும் எங்கெங்கே வரும் என்று பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரே சொல்லிவிடுவார். கோயிலுக்குள் போனால் ராஜகோபுரத்துக்குப் 11 நிலை, 217 அடி உயரம், கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தது என்று விளக்குவதற்கும் ஆள் உண்டு. ஆனால் அந்தக் கோபுரத்தைப் பார்த்து நிற்கிறவர் அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம் பார்த்தால் தெரிகிற ஊரைப் பற்றிச் சொல்ல வழிகாட்டி இல்லை. அந்த ஊர் காலையில் எப்படி எழுகிறது, யார் எந்தத் தெருவில் என்ன தொழில் செய்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு பௌர்ணமி முடிந்த விடியலில் யார் தெருவைக் கூட்டுகிறார்கள் என்பதெல்லாம் சொல்லப்படாமலே இருக்கின்றன. இன்று நான் முன்வைக்க விரும்புவது ஒரே கருத்துதான். திருவண்ணாமலையின் அன்றாட வாழ்க்கையை நடந்து அறியும் ஒரு வழிகாட்டி நடை வேண்டும். அது வெளியூர்ப் பயணிக்கு வேண்டியதைவிட உள்ளூர்க்காரருக்கும், இந்த ஊரின் தலைவிதியை எழுதுகிறவர்களுக்கும் அதிகம் வேண்டும். கோயில் இந்த ஊரை வாழவைக்கிறது என்று நாம் ஓயாமல் சொல்கிறோம். இந்த ஊரின் உழைப்பு கோயிலை வாழவைக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. அந்த இரண்டாவது உண்மையைக் காண்பதற்கு நடையைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வழிகாட்டி நடை என்றதும் அது மேல்நாட்டுப் பயணிகளுக்கான சரக்கு என்று தோன்றலாம். நம் மாவட்டத்தில் அப்படித் தோன்றுவதற்கு நியாயமே இல்லை. இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவில் செங்கம் இருக்கிறது. அந்தச் செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், பத்துப்பாட்டில் கடைசி நூல், 583 அடி. பெருங்கௌசிகனார் அதில் செய்திருப்பது என்ன? நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். தினைப்புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தோரம் ஒதுங்கிப் போங்கள் என்கிறான். பன்றிக்கு வைத்த பொறி வழியில் கிடக்கும், இரவில் நடக்காதீர்கள் என்கிறான். மலைக்குறவர் வீட்டில் என்ன உணவு கிடைக்கும், ஆயர் குடியில் என்ன கிடைக்கும், சேயாற்றங்கரை உழவர்கள் எப்படி வரவேற்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். மன்னன் புகழ் பாட வந்த நூலில் பெரும்பகுதி சாதாரண சனங்களின் சோறும் தொழிலும் வழிப்பாதையின் ஆபத்தும்தான். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் யாமம் யாமமாகக் காட்டுகிறார். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரைக்குள் நுழைந்ததும் கடைத்தெருக்களைச் சுற்றிப் பார்க்க ஒரு காதையே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அதன் தெருவில் நடக்க வேண்டும், தெரிந்தவர் துணை வேண்டும், பார்க்க வேண்டியது மக்களின் வேலையை என்ற எண்ணம் நம் இலக்கியத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. பிற்காலத்தில் அரண்மனையும் கோபுரமும் கண்ணை நிறைத்துவிட்டதால் அந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டோம்.

இனிச் சான்றுகளுக்கு வருகிறேன். முதல் சான்று கோயில் சுவரிலேயே இருக்கிறது. சோழர், பாண்டியர், காடவராயர், ஒய்சளர், விசயநகரத்தார் என்று பல அரசுகளின் கல்வெட்டுகள் அண்ணாமலையார் கோயிலில் உண்டு. அரசர்களின் மெய்க்கீர்த்தியைத் தாண்டிக் கல்வெட்டு எதைப் பதிவு செய்கிறது என்று பார்த்தால் விளக்கு, நந்தவனம், நிலம், நெல், அமுதுபடி, ஆடு. சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு, சில ஊர்களில் 90 ஆடு என்பது பழகிய கணக்கு. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் அளந்து நெய் தர வேண்டும். ஆடு சாகக் கூடாது, மூப்படையக் கூடாது என்று எழுதினார்கள், அதாவது எண்ணிக்கை குறையாமல் மந்தையைக் காப்பது அந்தக் குடும்பத்தின் தலைமுறைப் பொறுப்பு. கருவறையில் எரிந்த ஒரு விளக்குக்குப் பின்னால் மேய்ச்சல் நிலம், இடையர் குடும்பம், பால், தயிர், நெய், அளவை என்று ஒரு முழு வாழ்க்கை ஓடியிருக்கிறது. வடக்கே நிற்கும் அம்மணி அம்மன் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் துறவி வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கிய காசில் எழுந்தது அது என்பது ஊர் வழக்கு. அரசன் பெயரில் கிழக்குக் கோபுரம், ஊராரின் சில்லறைக் காசில் வடக்குக் கோபுரம். நம்முடைய வழக்கமான சுற்றுலா உரையில் கிழக்குக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது, வடக்குக்கு ஒரு வாக்கியம் கிடைக்கிறது.

இரண்டாவது சான்று மாட வீதி. நான்கு மாட வீதிகளும் இவ்வளவு அகலமாக இன்றுவரை ஏன் நிற்கின்றன? எந்தப் பழைய ஊரிலும் கடைக்காரர் படியை ஓர் அடி முன்னால் இழுப்பார், வீட்டுக்காரர் திண்ணையை நீட்டுவார், பத்தாண்டில் தெரு சந்தாகும். இங்கேயும் அந்த இழுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் வந்து தீர வேண்டும். விநாயகர் தேர், முருகர் தேர், பெரிய தேர், பெண்கள் வடம் பிடிக்கும் அம்மன் தேர், சிறுவர் இழுக்கும் சண்டிகேஸ்வரர் தேர் என்று ஐந்தும், ஒன்று நிலைக்கு வந்தபின் அடுத்தது என, அதே வீதியில் சுற்றி வர வேண்டும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தேரைத் திருப்புவது அவர்கள் அல்லர். சக்கரத்துக்கு ஒட்டி நடந்து, ஓடுகிற சக்கரத்தின் அடியில் சரியான கோணத்தில் முட்டுக்கட்டை போடுகிற சிலர்தான் மூலையில் தேரைத் திருப்புகிறார்கள். கட்டை ஒரு விரற்கடை தள்ளி விழுந்தால் தேர் கடைவரிசைப் பக்கம் சாயும். கை ஒரு நொடி தாமதித்தால் கை போகும். அந்தத் திருப்பத்துக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், வீதிக்காரர்களுக்கும் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை தேர் அந்த வீதியை அளந்துவிட்டுப் போகிறது. நகராட்சி வரைபடம் பிறப்பதற்கு முன்பே பொதுத் தெருவைப் பொதுவாக வைத்திருந்த ஏற்பாடு இது. இதைத் தெருவில் நின்று மூலையைக் காட்டிச் சொன்னால்தான் புரியும். படத்தில் தேர் தெரியும், திருப்பம் தெரியாது.

மூன்றாவது, தீபம். மலையுச்சியில் கொப்பரையில் ஏற்றும் மகா தீபத்தைக் காண உலகெங்கிலும் இருந்து வருகிறார்கள். அதை ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாரிடம் இருக்கிறது. மீன்பிடிக்கும் மரபில் வந்த சமூகம் அது. ஆயிரக்கணக்கான கிலோ நெய்யும் திரிக்கான காடாத் துணியும் மனிதத் தோளில் 2,668 அடி மலை ஏற வேண்டும். கொப்பரையைச் சுமந்து ஏற்றுகிறார்கள், 11 நாள் எரிய விடுகிறார்கள், பிறகு இறக்கிவருகிறார்கள். அதில் படிந்த மையைச் சேர்த்து ஆருத்ரா தரிசனத்தின்போது நடராசருக்குச் சாத்தி, பக்தர்களுக்குத் தருகிறார்கள். கடலோ பெரிய ஆறோ இல்லாத ஊரில் ஒரு மீனவ மரபு மலைத் தீபத்துக்கு எப்படி உரிமை பெற்றது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டாலே ஏரி, குளம், சமூகம், மரியாதை, கோயில் முறை எல்லாம் அவிழத் தொடங்கும். அதே திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தையும் கூடுகிறது. மல்லாட்டையும் நெல்லும் விளையும் இந்த மாவட்டத்து உழவருக்குக் கார்த்திகை சாமி கும்பிடும் காலமாகவும் உழவு மாடு மாற்றும் காலமாகவும் இருந்துவந்திருக்கிறது. பக்தி ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம் என்று பிரித்து வைப்பது நம்முடைய இன்றைய பழக்கம். திருவிழாவைக் கட்டியெழுப்பியவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை.

சான்று பெரிய நாட்களில் மட்டும் இல்லை. எந்தச் செவ்வாய்க்கிழமை விடியலிலும் பூ மார்க்கெட்டில் நின்று பார்க்கலாம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து உதிரிப் பூ சாக்கிலும் கூடையிலும் வந்து இறங்குகிறது. அங்கே அது கிலோக் கணக்கு. முகூர்த்த நாள், பௌர்ணமி, பிரதோஷம் என்று நாளைப் பொறுத்து விலை ஏறும். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்தால் விலை எங்கோ போய் நிற்கும். அந்தப் பூ சன்னதித் தெருவுக்கும் மாட வீதிக்கும் வந்து சேரும்போது முழக் கணக்காகிவிடுகிறது. கிலோவுக்கும் முழத்துக்கும் இடையில் ஒரு பெண்ணின் விரல்கள் இருக்கின்றன. நனைத்த வாழைநாரை இடக்கைப் பெருவிரலில் இறுக்கி, இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம் காம்போடு காம்பு சேர வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுக்கிறார். கண் வாடிக்கையாளர் மேல் இருக்கிறது, கை தன்பாட்டுக்குப் போகிறது. நெருக்கமாகக் கட்டினால் முழத்துக்குப் பூ அதிகம் போகும், லாபம் குறையும். இடைவெளி விட்டுக் கட்டினால் அடுத்த முறை ஆள் வரமாட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வாடத் தொடங்கும் சரக்கை இரவுக்குள் தள்ளிவிட வேண்டும் என்ற கணக்கும் அந்தக் கையில்தான் ஓடுகிறது. சாமிக்கு ஊசியில் கோக்கும் சம்பங்கி மாலை, அரளி மாலை வேறு தொழில், வேறு ஆட்கள். ஒரு நல்ல வழிகாட்டி இந்த ஓர் இடத்தில் கால்மணி நேரம் நிறுத்தினால் போதும். மழை, வேளாண்மை, பஞ்சாங்கம், கடன், பெண்களின் உழைப்பு, கோயில் பூசை நேரம் அத்தனையும் ஒரு கூடையைச் சுற்றி வந்து நிற்கும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் முதலாவது பக்தர்களிடமிருந்து வரும். இந்த ஊரில் நடை என்றால் கிரிவலம். ஞானிகள் காட்டிய வழி அது. கடைவீதியைச் சுற்றிப் பார்ப்பதற்கா இங்கே வருகிறோம் என்பார்கள். கிரிவலத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு குறைந்ததன்று. ஆனால் ஞானிகளின் வாழ்க்கையையே பாருங்கள். 1896 செப்டம்பர் 1 அன்று ரயிலில் வந்து இறங்கிய வேங்கடராமன் என்ற சிறுவன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து நின்ற இடம் அய்யங்குளம். அங்கே ஒரு நாவிதர் தலையை மழித்தார். கையில் மிச்சமிருந்த காசும் அந்தக் குளத்தில்தான் போயிற்று. ரமண மகரிஷியான பிறகும் அவருக்குச் சோறு போட்டது இந்த ஊரின் வீடுகள். எச்சம்மாள் போன்ற பெண்கள் ஆண்டுக்கணக்கில் நாள் தவறாமல் மலையடிக்கும் மலைக்கும் உணவு சுமந்தார்கள். அருணாசல அக்ஷரமணமாலை பிறந்த காரணம்கூட, விரூபாட்ச குகையில் அவருடன் இருந்த துறவிகள் ஊருக்குள் பிச்சைக்குப் போகையில் தெருவில் பாடிச் செல்ல ஒரு பாட்டுக் கேட்டதுதான். இன்று ஆசிரமங்களில் ஓதப்படும் அந்த நூல் முதலில் ஒலித்தது திருவண்ணாமலைத் தெருக்களில், அரிசி அளக்கும் கைகளுக்கு முன்னால். தெருவை விட்டுவிட்டு அந்த ஞான வரலாற்றை எழுத முடியாது. சாமியும் அப்படியே. தை மாதத்தில் அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் ஊடல் கொள்வதற்குக் கோயிலை விட்டுத் திருவூடல் தெருவுக்கு வருகிறார்கள். தீபத்துக்குப் பின் தெப்பல் நடப்பது அய்யங்குளத்தில். மாசி மகத்தன்று வல்லாள மகாராஜனுக்குத் திதி கொடுக்க அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு வரை போகிறார். ஒய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் இந்த ஊரைத் தன் தலைநகரங்களில் ஒன்றாக வைத்திருந்து 14ஆம் நூற்றாண்டில் மாண்டவன். தெருவுக்கும் ஆற்றங்கரைக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் நடந்து போகிற சாமியை நாம் கருவறையில் மட்டும் தேடுவது முறையாகாது.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கூர்மையானது. பழமை இருந்தால் அல்லவா காட்ட முடியும்? ஓட்டு வீடுகள் போய்விட்டன, திண்ணைகள் இல்லை, மாட வீதியில் சிமென்ட் சாலை, எங்கும் தங்கும் விடுதிகள், ஆந்திர, தெலங்கானா பக்தர்கள் பெருகியதால் உணவகப் பலகைகளில் தெலுங்கு. இதில் பழைய ஊர் எங்கே என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குள் ஒரு தவறான கருத்து ஒளிந்திருக்கிறது: அன்றாட வாழ்க்கை என்பது மாறாமல் இருந்தால்தான் மதிப்புக்குரியது என்று. தெலுங்குப் பலகை இந்த ஊருக்குப் புதிதன்று. ராஜகோபுரத்தைத் தொடங்கியவரின் அவையில் தெலுங்கு கோலோச்சியது. வல்லாளனோடு கன்னடம் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயில் மதிலைக் கோட்டையாகப் பயன்படுத்திப் பல படைகள் மோதின, 1767இல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கே பெரும்போர் நடந்தது. அதன்பின் டேனிஷ் மிஷன் வந்து பள்ளி வைத்தது. யாத்திரை ஊர் என்றால் வருகிறவர்களுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும் ஊர். முன்பு கார்த்திகைக்கு மட்டும் நிரம்பிய ஊர் இப்போது ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நிரம்புகிறது. அதனால் ஆட்டோ ஓட்டுநரின் மாதக் கணக்கு முழுமதியைச் சுற்றி அமைகிறது, டீக்கடைக்காரர் பால் சொல்லிவைப்பது பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான். நேற்று உருவான இந்தப் பழக்கமும் வரலாறே. பிரெஞ்சு ஆய்வாளர்கள் திருவண்ணாமலையைப் பற்றி விரிவான தொகுதிகள் வெளியிட்டபோது கல்வெட்டுக்கும் கட்டடத்துக்கும் சடங்குக்கும் தனித்தனி இடம் தந்ததோடு ஊரைப் பற்றியே ஒரு தொகுதி எழுதினார்கள். கற்றறிந்த வெளியார் ஊரையும் படிக்கத்தக்க பொருளாகக் கண்டிருக்க, நாம் அதைக் கோயிலுக்குப் போகும் வழி என்று மட்டும் கருதுவது வருத்தம் தருகிறது.

ஊரைக் காட்டும் நடை என்ன செய்ய முடியும் என்பதற்கு அகமதாபாத் நல்ல எடுத்துக்காட்டு. அந்நகரின் மாநகராட்சி 1997 நவம்பரில் ஒரு பாரம்பரிய நடையைத் தொடங்கியது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் ஆரம்பித்து ஜாமா மசூதியில் முடியும் அந்த நடை நெடுகிலும் காட்டுவது பெரும்பாலும் சாமானியமான இடங்களை: போள் எனப்படும் குடியிருப்புச் சந்துகள், தெருவுக்கு நடுவே பறவைக்குத் தீனி வைக்கும் கம்பங்கள், கவிஞர் தல்பத்ராம் வாழ்ந்த இடம். இருபதாண்டு கழித்து, 2017இல், யுனெஸ்கோ அந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயரை முதலில் பெற்ற நகரம் அது. நடை ஒன்றினால் மட்டும் அது கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். அந்தச் சந்துகளில் மரவீடுகள் இன்னும் சரிந்துகொண்டும் கிடங்குகளாகிக்கொண்டும் இருக்கின்றன என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் தங்கள் சந்துக்கு மதிப்பு உண்டு என்று அங்கே வாழ்கிறவர்களும் மாநகராட்சியும் நம்பத் தொடங்கியதில் அந்தக் காலை நடைக்குப் பங்கு உண்டு. நம் சென்னையிலும் 2004 முதல் ஆகஸ்டில் கொண்டாடப்படும் சென்னை தினத்தை ஒட்டி நடக்கும் நடைகளால் எத்தனையோ பேர் தாம் பிறந்த தெருவையே முதன்முதலில் கவனித்திருக்கிறார்கள்.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. மனிதர்களின் பிழைப்பை வேடிக்கைப் பொருளாக்கலாமா? பூக்கட்டும் பெண்ணைச் சுற்றிப் பதினைந்து பேர் கைப்பேசியோடு நின்றால் அவருடைய வியாபாரம் கெடும், மானமும் கெடும். வறுமையைக் காசு கொடுத்துப் பார்க்கிற கொடுமை உலகில் பல நகரங்களில் நடக்கிறது. இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. அதைத் தவிர்க்கிற வழிகளும் பட்டறிவில் கிடைத்திருக்கின்றன. மும்பை தாராவியில் நடை நடத்தும் ஒரு நிறுவனம் படம் எடுக்கக் கூடாது என்பதை முதலிலிருந்தே விதியாக வைத்தது. டெல்லி பகாட்கஞ்சில் தெருவில் வளர்ந்த பிள்ளைகளே வளர்ந்தபின் வழிகாட்டிகளாகித் தங்கள் தெருவைக் காட்டுகிறார்கள். இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: யார் பேசுகிறார்கள் என்பதில்தான் கண்ணியம் இருக்கிறது. தேர் பற்றி முட்டுக்கட்டை போடுகிறவர் பேசட்டும், பூவைப் பற்றிப் பூக்காரர் பேசட்டும், அதற்கு அவருக்குக் கூலி உண்டு என்பது எழுதப்பட்ட ஏற்பாடாக இருக்கட்டும், பேச விருப்பமில்லை என்றால் நடை அவர் கடையைத் தாண்டிப் போகட்டும். ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். படம் எடுக்க வேண்டாம். பௌர்ணமியிலும் கார்த்திகையிலும் நடை கூடவே கூடாது. ஏற்கெனவே மூச்சு முட்டும் ஊருக்கு இன்னும் பன்னிரண்டு பேர் சுமைதான். சாதாரண நாளில், வேலை வேலைக்காகவே நடக்கிற நேரத்தில் நடக்க வேண்டும். அப்படிச் செய்தால் பார்க்கிறவர் கூட்டமாகவும் பார்க்கப்படுகிறவர் காட்சியாகவும் மாறுவது பெருமளவு குறையும்.

இதோடு சேர்ந்து இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. நடை என்றால் தேர்வு. எந்தத் தெரு வரும், எந்தத் தெரு விடுபடும் என்று யாரோ தீர்மானிக்கிறார்கள். மாட வீதியையும் சன்னதித் தெருவையும் மட்டும் சுற்றிவிட்டு ஊரைக் காட்டினோம் என்றால், பழைய காலத்து ஏற்றத்தாழ்வையே நடைப்பாதையாக வரைந்துவிட்டோம் என்று பொருள். பௌர்ணமி கழிந்த காலையில் 14 கிலோமீட்டருக்கும் சிதறிக் கிடக்கும் தட்டு, தண்ணீர்ப் பாட்டில், மீந்த அன்னதானச் சோறு எல்லாவற்றையும் வாரி அள்ளுகிற தூய்மைப் பணியாளர்களின் வேலை இந்த ஊரின் அன்றாடத்தில் இல்லையா? தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் அருகே வாழ்கிறவர்கள் இந்த ஊரார் இல்லையா? மலையடியில் வீடு கட்டிக் குடியேறியவர்கள்? அவர்களை விட்டுவிட்ட நடை அழகாக இருக்கலாம், உண்மையாக இருக்காது.

பாரம்பரியம் என்று பெயர் சூட்டினால் அரசு வந்து கையகப்படுத்தும் என்ற பயமும் இங்கே உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. 2002இல் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் கோயிலைக் கொண்டுவர அறிவிப்பு வந்தபோது இந்த ஊர் கொதித்தது. வழிபாட்டு முறை தடைபடும், கோயிலைச் சுற்றி வீடு திருத்தக்கூட டெல்லிக்கு மனுப் போட வேண்டும் என்று மக்கள் எதிர்த்தார்கள். 2004இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நான் சொல்லும் நடைக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் வேண்டாம், எந்தக் கட்டடத்தையும் அது யாரிடமிருந்தும் எடுப்பதில்லை. சொல்லப்போனால் அன்று ஊர் எழுப்பிய குரலின் நியாயம் என்ன? இது கல்லால் ஆன நினைவுச்சின்னம் அன்று, நாங்கள் தினமும் புழங்கும் இடம் என்பதுதானே? அந்தப் புழக்கத்தை யாராவது கேட்டால் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை நான் வேங்கிக்காலில் நின்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இந்த வேங்கிக்காலில், கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வேலூர்ச் சாலையில் அமைந்திருக்கிறது. 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. எந்தத் தெருவை ஒருவழியாக்குவது, எங்கே தற்காலிகப் பேருந்து நிலையம் போடுவது, எந்தக் குளத்தைத் தூர்வாருவது, நடைபாதைக் கடைகளை எங்கே மாற்றுவது என்பதெல்லாம் இங்கே மேசைமேல் விரித்த வரைபடத்தில் முடிவாகின்றன. வரைபடத்தில் கடை ஒரு கட்டம், நீரோடை ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் வீடு இருக்கிறதா என்பது நடந்தால்தான் தெரியும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலைச்சரிவு இறங்கி வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட ஏழு பேரைப் புதைத்தது. அந்த ஆண்டு மகா தீபத்துக்கு மலையேறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. அந்தத் துயரத்துக்கு ஒரு நடை தடையாக இருந்திருக்கும் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் மழைநீர் மலையிலிருந்து எந்த வழியாக இறங்குகிறது, எந்த ஓடை அடைபட்டது, எந்த ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதை அங்கே வாழ்கிற கிழவிகள் விரல் நீட்டிச் சொல்வார்கள். கேட்க வருகிற ஆள்தான் வேண்டும். குடிக்கச் சாத்தனூர் அணையிலிருந்து நீர் கொண்டுவருகிற ஊர், தன் மலையிலிருந்து இறங்கும் நீரின் வழியை மறக்கக் கூடாது.

ஆகவே நடையை முதலில் மாவட்டத்துக்குப் புதிதாக மாறுதலாகி வரும் அலுவலர்களுக்கும், மாநகராட்சி உறுப்பினர்களுக்கும், பள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நடத்தலாம் என்பது என் யோசனை. வேங்கிக்கால் ஏரிக்கரையில் தொடங்கி நீர்வழி பார்த்து ஒரு நாள். மார்க்கெட், தேரடி, திருவூடல் தெரு, அய்யங்குளம் என்று ஒரு நாள். மலையடிக் குடியிருப்புகள் ஒரு நாள். ஒரே நாளில் எல்லாம் என்று பேராசைப்பட்டால் ஓட்டமாகிவிடும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தால் வெயிலும் ஏறாது, வியாபாரமும் கெடாது. மொழி தமிழாக இருக்கட்டும். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பிறகு பார்க்கலாம். வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரக் கல்வெட்டு படித்தவர்களும் வேண்டும், தேர்க்கட்டை பிடித்தவர்களும் வேண்டும், இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்த வேண்டும். செலவைப் பற்றிக் கேட்பீர்கள். பேசுகிறவர்களுக்கான நாள் கூலியும் பிள்ளைகளுக்கு மோரும் தவிரப் பெரிய செலவு இதில் இல்லை. அந்தக் கூலியை யார் தருவது என்பதை மாநகராட்சியும் கல்வித் துறையும் அறநிலையத் துறையும் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும், முதல் நடை கார்த்திகைக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னதாக நடந்துவிட வேண்டும். தேர் வருவதற்கு முன் மூலைகளைப் பார்த்துவைப்பது நல்லது.